ஒப்புக்கொள்ளுமுன் ஒரு கணக்கு

சதுரங்கத்தில் தோற்பது இழிவன்று. தோற்றுவிட்ட ஆட்டத்தை வீணே நீட்டாமல், எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு எழுவது பண்பு. ஆனால், தோற்கும் முன்னரே தோற்றுவிட்டதாக எண்ணி எழுவதற்கு என்ன பெயர்? நம் சங்க அறையில் மாலைதோறும் காண்பதால் கேட்கிறேன். ஒரு குதிரை போய்விட்டால் போதும், எதிரே இருப்பவர் ஆராய்ச்சி மாணவர் என்றால் அதுகூட வேண்டாம், காய்களைக் கலைத்துவிடுகிறோம்!

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 1902இல் மாண்டி கார்லோவில் பொப்பியலோடு ஆடிய மார்க்கோ, கட்டுண்டு நின்ற தம் மந்திரியைக் காக்க வழியில்லை என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார். அந்த மந்திரியை எதிரி அரசனின் பக்கத்துக் கட்டத்தில் வைத்திருந்தால், ஒருபுறம் அரசனுக்கு ஆபத்து. மறுபுறம் எதிரியின் ராணி மீது யானையின் தாக்குதல். வென்றிருக்க வேண்டிய ஆட்டம் அது! மந்திரி கட்டுண்டது, அதைக் கண்ட அவர் அறிவும் கட்டுண்டது.

1997 மே மாதம் நியூயார்க்கில், உலகச் சாம்பியன் காஸ்பரோவ் 'டீப் புளூ' கணிப்பொறியிடம் இரண்டாவது ஆட்டத்தை ஒப்புக்கொண்டார். ராணியால் இடைவிடாமல் செக் வைத்துச் சமனுக்குப் போராட வழி இருந்ததை, மறுநாள் அவருடைய நண்பர்களே சொன்னார்கள். இயந்திரம் அதைக் கவனியாமல் விட்டிருக்காது என்று அவர் நம்பினார். பலகையில் இருந்த நிலைக்கு அன்று, எதிராளியின் பெருமைக்கே பணிந்தார். அந்தப் போட்டியையும் 2½க்கு 3½ என்று இழந்தார்.

அப்படியானால் ஒப்புக்கொள்ளவே கூடாதா? கூடும். 1988இல் பீல் நகரில், 18 வயது ஆனந்த் கொலம்பியாவின் சபாட்டாவிடம் ஆறே நகர்த்தல்களில் ஆட்டத்தை விட்டார். ஒரு குதிரை மீளாது என்பதைக் கணக்கிட்டு விட்டார். அந்த ஓர் ஆட்டத்தை விட்டாரே தவிர, சதுரங்கத்தை விடவில்லை. பின்னாளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார்.

2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில், பட்டத்தைத் தீர்மானிக்கும் 14ஆவது ஆட்டம். ஒரே ஒரு சிப்பாய் மிகுதி. சமன் என்றே பலரும் கருதிய நிலை. குகேஷ் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுண்டு, அரசர்களும் சிப்பாய்களுமே எஞ்சினர். அந்த இறுதிக் கட்டத்தில் எண்ணிக்கையே நீதிபதி. டிங் எண்ணினார், 58ஆவது நகர்த்தலோடு ஒப்புக்கொண்டார். அது கோழைத்தனமன்று, கணிதம்.

நண்பர்களே, நான் சின்னக்கானல் தேயிலை மலையிலிருந்து வந்தவன். இயற்பியல் நமக்கு எட்டாது என்று, வினாத்தாளைக் காணுமுன்பே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்களை எங்கள் லயங்களில் கண்டிருக்கிறேன். இங்கும் முதல் பருவத்தில் ஒரு தாள் தவறியதும் பெட்டி கட்டும் தம்பிமார் உண்டு. வறுமையால் படிப்பை விடுவோரை நான் குறைகூறவில்லை. அவர்கள் கணக்கிட்டுப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அவர்களுக்கு உதவித்தொகைக்கு வழி காட்டுவது நம் சங்கத்தின் கடன். பக்கத்து மேசைக்காரனின் ஆங்கிலத்தைக் கேட்டே ஒடுங்கிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களைத் தோற்கடித்தது வினாத்தாள் அன்று, எதிராளியின் பெருமை!

ஆகவே ஒரு வழக்கத்தை முன்மொழிகிறேன். சங்க அறையில் ஆட்டத்தை விட நினைப்பவர், தமக்கு எஞ்சியுள்ள மூன்று நகர்த்தல்களையும் ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் சிறந்த பதிலையும் முதலில் சொல்லட்டும். படிப்பை விட நினைப்பவர், மதிப்பெண் பட்டியலோடு ஒரு மூத்த மாணவரிடம் வரட்டும். இருவரும் அமர்ந்து எண்ணிப் பார்ப்போம். எண்ணிய பின்னும் வழியில்லையென்றால், கை குலுக்கி எழலாம், அதில் வெட்கமில்லை. எண்ணாமல் எழுவதுதான் வெட்கம்.