மில் முதலாளியின் மகனும் நமது வீட்டுப் பெண்ணும்

படிப்பகத்தில் காதல் நாவல்களை வைக்கலாமா, கூடாதா? தொண்டாமுத்தூர் வட்டாரத் தோழர்கள் சிலர் நம்மிடம் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். பெண்கள் படிப்பகத்துக்கு வருவதே அந்தப் புத்தகங்களுக்காகத்தான், அவற்றையும் எடுத்துவிட்டால் கேரம் போர்டு ஆடுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள் என்பது மற்றொரு சாராரின் வாதம். இரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். கார்க்கியின் 'தாய்' அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ரமணிசந்திரனின் புத்தகமோ அட்டை போய், தையல் பிரிந்து, ஓரமெல்லாம் மஞ்சள் கறை ஏறிக் கிடக்கிறது. எது படிக்கப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நாமும் அந்த நாவல்களைப் படித்தோம். ஒரு மழைக்காலம் முழுவதும் கட்டுக்கட்டாக வாங்கிப் படித்தோம். படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்கு உதவாது. நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றி இங்கே வைக்கிறோம்.

ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். வாரப் பத்திரிகைத் தொடர்களாகவும் மாத நாவல்களாகவும் அவை வந்தன. 'வளையோசை', 'மயங்குகிறாள் ஒரு மாது' என்று பெயர் சொன்னாலே நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலரின் முகம் மலரும். அவரைப் பின்பற்றி இன்று எழுதுகிறவர்கள் ஏராளம், பெரும்பாலோர் பெண்கள். பத்திரிகையும் பதிப்பகமும்கூட இப்போது தேவையில்லை. பிரதிலிபி போன்ற செயலிகளில் நாளுக்கொரு அத்தியாயமாகச் செல்போனிலேயே வந்து விழுகிறது. சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரியப் போகிற பெண், மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில், ஒரு கையில் தூக்குப்போசியும் மறு கையில் செல்போனுமாக ஓர் அத்தியாயத்தை முடித்துவிடுகிறாள். (நமது கோவையிலிருந்தே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரை விட்டுவிட்டோமே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருடையது கொலையும் துப்பும். நமது பேச்சு காதலைப் பற்றியது.)

இந்தச் சரக்கு தமிழ்நாட்டில் மட்டும் விளைவதும் அல்ல. 1908இல் லண்டனில் தொடங்கிய ஒரு பதிப்பகம் உலகமெங்கும் காதல் நாவல்களை விற்றுப் பெரும் பணம் சேர்த்தது. அதன் பெயர் மில்ஸ் அண்ட் பூன். பெயரில் மில் இருக்கிறதே என்று நமது பஞ்சாலைத் தோழர்கள் ஆசைப்பட வேண்டாம். கூட்டாளிகள் இருவரில் ஒருவரின் பெயர் மில்ஸ், அவ்வளவுதான்.

சரி, கதை என்ன? கதாநாயகன் பெரும்பாலும் பணக்காரன். மில், எஸ்டேட், ஏற்றுமதிக் கம்பெனி, ஏதோ ஒன்றுக்கு முதலாளி அல்லது முதலாளியின் ஒரே வாரிசு. உயரமானவன், கோபக்காரன். கதாநாயகி ஏழை, அல்லது தகப்பன் கடன்பட்டுச் செத்துப்போன நடுத்தரக் குடும்பத்துப் பெண். அவனிடமே வேலைக்கு வந்து சேர்கிறாள். அவன் அவளைத் தப்பாக நினைக்கிறான், பணத்துக்கு வந்தவள் என்று ஏசுகிறான், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். அவள் அழுகிறாள், வெறுக்கிறாள், வெறுத்துக்கொண்டே நேசிக்கிறாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் உண்மை தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம்.

நரசிபுரம் பக்கம் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மிணி நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க தோழர், இந்தப் புள்ளை எப்பத்தானுங்க வேலை செய்வா?" விமர்சகர்கள் நூறு பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது. நாவலில் மில் இருக்கிறது. அங்கே பஞ்சு பறப்பதில்லை. மூன்றாம் ஷிப்டு முடிந்து கண் எரிய வெளியே வருகிற ஆள் இல்லை. போனஸ் பேச்சு இல்லை. கதாநாயகன் மாளிகையில் மாடிப்படி ஏறுகிற காசு யாருடைய விரல்களிலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. கல்யாணம் ஆனதும் கதாநாயகி வேலையை விட்டுவிடுகிறாள்; அதைத்தான் ஆசிரியை விடுதலை என்று காட்டுகிறார். நாள் முழுக்க முதுகு வளைந்து வேலை செய்கிற பெண்ணுக்கு அது இனிக்கத்தானே செய்யும்? அந்த ஆசையை நாம் கேலி செய்ய மாட்டோம். ஓய்வு வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா?

ஆனால் முதலாளி கையைப் பிடிப்பது காதல் என்கிறார்களே, அதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. மில்லில் அதிகாரம் உள்ளவன் பெண்ணின் கையைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று கோவை மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னியம்பாளையத்தில் ஆலை நிர்வாகத்தின் கையாள் ஒருவன் ஒரு பெண் தொழிலாளியிடம் அத்துமீறியதில் தொடங்கிய பகை பெரும் மோதலாகி, அவன் சாவிலும், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு தொழிலாளர்களின் தூக்கிலும் முடிந்தது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் அவர்கள் உயிர் போயிற்று. அந்த ஊரில் பிறந்த பேத்தி இன்று பஸ்ஸில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் முதலாளியின் கதையைப் படித்து உருகுகிறாள். இதை நினைத்தால் நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கல்யாணக் கனவை விற்றவர்கள் நாவலாசிரியைகள் மட்டும் அல்ல. நூற்பாலைகளும் விற்றன. 2000க்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. சில இடங்களில் அதையே 'மாங்கல்யத் திட்டம்' என்றும் 'திருமகள் திட்டம்' என்றும் அழைத்தார்கள். பெயரைப் பாருங்கள், நாவல் தலைப்புப் போலவே இல்லையா? ஏழைக் குடும்பங்களின் பெண் பிள்ளைகளை, பல சமயம் பதினெட்டு வயதுகூட நிரம்பாதவர்களை, அப்ரண்டிஸ் என்று பேர் போட்டு மூன்று வருஷத்துக்கு விடுதியில் அடைத்தார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று தகப்பனிடம் சொன்னார்கள். இடையில் பிள்ளை நோய்ப்பட்டு ஊர் திரும்பினால் அந்தத் தொகை கிடைப்பதில்லை. விடுதியை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வெளியே போகக் கூடாது, செல்போன் கூடாது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அரை நூற்றாண்டு கழித்து, அதே வரதட்சணைப் பயத்தைக் காட்டியே ஆலைக்கு ஆள் பிடித்தார்கள். 2011இல் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளை நோக்கி நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு இது உறைத்தது.

நாவல் படித்துத்தான் பெண்கள் அங்கே போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் தள்ளியது, போனார்கள். ஆனால் கழுத்தில் தாலி ஏறினால் எல்லாக் கஷ்டமும் தீரும் என்று நாவலும் சொன்னது, ஆலைத் தரகனும் சொன்னான்.

அடுத்து சாதி. இந்த நாவல்களில் பணக்காரன் உண்டு, ஏழை உண்டு. சாதி மட்டும் கிடையாது. பணம் இல்லாத பெண்ணை மருமகளாக ஏற்க மாட்டேன் என்று மாமியார் சண்டை போடுவாள். இன்ன சாதிப் பெண் என்று ஒரு மாமியாரும் வாய் திறப்பதில்லை. நமது நாட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி என்ன என்று நமக்குத் தெரியாதா? கோகுல்ராஜ் என்ற இளைஞன் தன்னுடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். 2015 ஜூனில் ரயில் தண்டவாளத்தில் அவன் உடல் கிடந்தது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சாதியே இல்லாத உலகத்தில் காதலிக்கக் கற்றுக்கொண்ட பெண், புத்தகத்தை மூடிவிட்டு இந்த உலகத்துக்குத்தான் வருகிறாள். எதிரே என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லாத நாவல், சர்க்கரை தடவிய பொய்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த நாவல்களை எரிக்கச் சொல்லப்போகிறோம் என்று தோழர்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. இவற்றில் நமது ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கதையின் நடுவில் நிற்பவள் பெண். அவள் என்ன நினைக்கிறாள், எதற்கு வெட்கப்படுகிறாள், எது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக யாரோ பொறுமையாகக் கேட்டு எழுதுகிறார்கள். கடைசியிலாவது ஆண் பிள்ளை அவள் எதிரில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். நமது வீடுகளில் எத்தனை ஆண்கள் கேட்டிருக்கிறார்கள்? சங்கத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பெண் அரை மணி நேரம் கதாநாயகனிடம் ஓடிப்போனால் குற்றம் யாருடையது?

நமது பக்கத்து நாவல்களையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். பஞ்சமும் வேலைநிறுத்தமும் தடியடியும் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பல நாவல்களில் தோழருக்குச் சோறு போடுவதற்கும், போலீஸ் வந்தால் துண்டறிக்கையை ஒளிப்பதற்கும்தான் பெண் வருகிறாள். அவளுக்கு ஒரு ஆசை, ஒரு பொறாமை, ஒரு கிறுக்கு கிடையாது. அப்படிப்பட்டவளோடு யார்தான் ஒரு மத்தியானத்தைக் கழிப்பார்கள்?

விதிவிலக்குகள் உண்டு. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் கைத்தறி நெசவாளரின் பட்டினியை எழுதியது. அதற்குள் காதலும் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்துப் பொன்னாச்சியின் கதை. உப்பு அரித்த காலோடு நடக்கிற பெண்ணுக்கும் மனம் உண்டு என்று அதைப் படித்தால் தெரியும். நமது கொங்கு நாட்டிலேயே கீரனூர் ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' எழுதினார். விதவை ஒருத்தி ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாமல் ஓர் ஆண்பிள்ளையோடு பழகுகிறாள், பாகம் பிரித்துக் கொடு என்று கொழுந்தனைக் கேட்கிறாள். ஆசையும் நிலமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று நம் ஊர்ப் பேச்சிலேயே அந்த மனிதர் காட்டிவிட்டார்.

நமக்கு மிகவும் பிடித்தது 'ஜமீலா'. கிர்கிஸ் நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1958இல் எழுதியது, தமிழிலும் வந்தது. யுத்த காலம். ஆண்கள் போர்முனையில். ஜமீலா கூட்டுப்பண்ணைத் தானியத்தை வண்டியில் ரயில் நிலையத்துக்கு ஓட்டுகிறாள். காலில் குண்டடி பட்டுத் திரும்பிய தானியார் என்ற அனாதை அவளோடு வண்டி ஓட்டுகிறான். விளையாட்டுக்காக அவன் வண்டியில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் மூட்டை ஒன்றை ஏற்றிவிடுகிறார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல், நொண்டும் காலோடு, அதை முதுகில் சுமந்து பலகையேறுகிறான். கீழே நிற்கிற ஜமீலா பதறிப் போய் மூட்டையைப் போட்டுவிடச் சொல்லிக் கத்துகிறாள். மூட்டை தூக்குகிற தோழர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. பலகை ஆடுவது அவர்கள் காலுக்கே தெரியும். அங்கே காதல் தொடங்குகிறது. மாளிகை இல்லை, கார் இல்லை. அதைவிட இனிப்பான காதல் கதை ஒன்றை நாம் படித்ததில்லை.

நம் காலத்தில், நம் பக்கத்து மண்ணில் எழுதப்பட்டது பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013இல் வந்தது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கூட்டிவருகிறான். ரமணிசந்திரனின் நாவல் கல்யாணத்தில் முடியும். இது கல்யாணத்தில் தொடங்குகிறது. அவள் என்ன சாதி என்று தாய் கேட்கிறாள், ஊர் கேட்கிறது, விடாமல் கேட்கிறது. சாதியின் பெயரைப் புத்தகம் அச்சிடவில்லை, ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் அது நம்மை முறைத்துப் பார்க்கிறது. முடிவை இங்கே சொல்ல மாட்டோம். மெய்யை எழுதுகிறவனுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்பதற்கும் அதே ஆசிரியர் சாட்சி. 'மாதொருபாகன்' நாவலுக்காக 2015 ஜனவரியில் அவரை எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று சொல்ல வைத்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே மீண்டும் எழுத வந்தார். முதலாளியின் மகனைப் பற்றி எழுதியிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

படிப்பகத் தோழர்களுக்கு நமது யோசனை இது. ரமணிசந்திரனை எடுக்க வேண்டாம். அதே தட்டில், தோளோடு தோளாக, 'ஜமீலா'வையும் 'பூக்குழி'யையும் 'நாகம்மா'ளையும் 'கரிப்பு மணிக'ளையும் வையுங்கள். முற்போக்கு இலக்கியம் என்று சீட்டு ஒட்டித் தனி அலமாரியில் பூட்டினால் யாரும் தொடமாட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்கள் இருந்தால், வெங்காயப் பட்டறை நிழலில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். 'பூக்குழி'யின் பேச்சு நமது பேச்சுக்குப் பக்கத்துப் பேச்சுத்தான், அகராதி வேண்டியதில்லை. 1991க்கு முன்பு மாஸ்கோவிலிருந்து காப்பிக் காசுக்குப் புத்தகம் வந்தது. இன்று நல்ல நாவல் வாங்கத் தோட்டக் கூலியில் ஒரு நாள் பங்கு போய்விடுகிறது. செல்போன் கதையோ சும்மா கிடைக்கிறது. மலிவுப் பதிப்பு போடுங்கள் என்று நமது பதிப்பகத்தாரை நாம் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் வேண்டும். பழைய 'ஜமீலா' பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் படிப்பகத்துக்குக் கொடுத்து உதவவும்.

இன்னொன்று. படிப்பகத்தை மாலை ஆறு மணிக்குத் திறக்கிறீர்கள். அது பெண்கள் அடுப்பு மூட்டுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அவர்களுக்கென்று திறந்து வையுங்கள். அன்றைக்குக் கேரம் போர்டை உள்ளே எடுத்து வைத்துவிடலாம்.