டிரம்முக்குள் வளர்வது எது?

நம்மாட்களிடம் நுண்ணுயிர் பெருக்கம் என்றாலே 200 லிட்டர் டிரம், வெல்லம், கலக்க ஒரு குச்சி. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு பாக்கெட் டிரைக்கோடெர்மா விரிடியை வெல்லத் தண்ணியில் போட்டு, தீரத் தீர அதிலிருந்தே இருபது லிட்டர் எடுத்து அடுத்த டிரம் போட்டேன். மூன்றாவது டிரம்மிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இரண்டு கேன் கொடுத்தேன். அதை நம்பி அவர் புதுப் பாக்கெட் வாங்கவில்லை. மஞ்சளில் கிழங்கு அழுகல் வந்து அரை ஏக்கர் போச்சு. "ஏனுங்க சார், நீங்க குடுத்ததத்தானுங்களே ஊத்துனேன்?" என்றார். வடிகால் சரியில்லாததும் காரணம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஊடகத்தை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில் வைத்து, வேறு உயிர் எதுவும் இல்லாமல் செய்த பிறகே விதைக்கிறார்கள். நம் டிரம் திறந்த வீடு. காற்று, தண்ணி, குச்சி எல்லாவற்றிலிருந்தும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வந்து சேரும். அவை வேகமாகப் பெருகும். காற்று தேவைப்படும் பூஞ்சணம் பின்தங்கிவிடும். புளித்த வாசனை வந்தால் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது வளர்ந்தது என்று மூக்கு சொல்லாது. இருப்பைப் பார்க்காமல் செக் எழுதிய கதைதான்.

அப்போ ஜீவாமிர்தம்? அது வேற கணக்கு. சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணி, 48 மணி நேரம். அங்கே நாம் கேட்பதே கலப்புக் கூட்டம்தான். மண்ணை உயிரோட்டமாக வைக்க அது போதும். கடைக்குப் போக வேண்டியதில்லை.

குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட உயிர் வேண்டுமென்றால் டிரம்மை நம்பாதீர்கள். காலாவதி தேதி பார்த்து வாங்கிய ஒரு கிலோ விரிடியை 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, 15 நாளில் வயலுக்குப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுப் பாக்கெட்.

"இது தற்சார்பா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதைப் பெருக்குகிறோம் என்று தெரியாமல் பெருக்குவது தற்சார்பு இல்லை என்பது என் கருத்து. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் பெரிதில்லை. பக்கத்துக்காரருக்கு இந்த வருஷம் விதைக்கிழங்கு நான் கொடுத்தேன். கேன் கொடுக்கவில்லை.