கதவு திறந்துதான் இருக்கிறது

சிறிய அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மிகவும் சோர்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகைகள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. மூன்று ஊழியர்களில் ஒருவரை நிறுத்த வேண்டிய நிலை.

"அரசாங்க வேலைகளுக்கு விலை கொடுத்துப் பார்க்கலாமே" என்றேன்.

"அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குண்ணே."

அங்கேயே ஜீபிஸ் தளத்தைத் திறந்தோம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் தளத்தில்தான் சிங்கப்பூர் அரசாங்க அமைப்புகள் ஏலக்குத்தகைகளையும் விலைப்புள்ளி அழைப்புகளையும் வெளியிடுகின்றன. பார்வையிட எந்தக் கட்டணமும் இல்லை. பதாகை, சான்றிதழ், ஆண்டு மலர் என அவர் அன்றாடம் செய்யும் வேலைகளே அங்கே இருந்தன.

முடிந்துபோன அழைப்புகளைப் பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் யார் போட்டியிட்டார்கள், என்ன விலை சொன்னார்கள், யாருக்குக் கிடைத்தது என எல்லாம் வெளிப்படையாக இருந்தன. ஒரு வேலைக்கு இருவர்தான் விலை கொடுத்திருந்தனர். "இதை நான் இன்னும் குறைவாகவே செய்திருப்பேனே!" என்றார்.

இது அவருக்கு மட்டும் இழப்பில்லை. வெளிப்படைத்தன்மை, நியாயமான திறந்த போட்டி, பணத்திற்கேற்ற மதிப்பு ஆகிய மூன்றும்தான் நம் அரசாங்கக் கொள்முதலின் அடிப்படை. போட்டிக்கு ஆள் வராவிட்டால், செலவாவது நம் வரிப்பணம்.

சிறியவர்கள் ஒதுங்குவதற்கும் காரணம் உண்டு. சட்ட மொழியில் நீளும் நிபந்தனைகளைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. 'இதே போன்ற பணியில் முன் அனுபவம்' என்று கேட்டால், முதல் வாய்ப்பே கிடைக்காதவர் அனுபவத்துக்கு எங்கே போவார்? ஒரு மில்லியன் வெள்ளி வரையிலான ஏலக்குத்தகைகளுக்கு நிபந்தனைகளை எளிமையாக்கிய 'டெண்டர் லைட்' முறை நல்ல மாற்றம். ஆனாலும், எதை வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக எழுதுவதும், தோற்றவருக்குக் காரணம் சொல்வதும் அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன.

நம் பக்கமும் கவனம் வேண்டும். பதிவையும் கோர்ப்பாஸையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். படிப்படியான சம்பள உயர்வு முறைக்கு உட்பட்ட ஊழியர்கள் இருந்தால், அதற்கான அங்கீகாரச் சின்னமும் வேண்டும். 2023 மார்ச் முதல் அரசாங்கக் குத்தகைகளுக்கு அது தேவை. சந்தேகம் இருந்தால் அறிவிப்பில் உள்ள அதிகாரியிடம் கேளுங்கள். கேட்பது தவறில்லை. கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். நேரம் முடிந்தால் தளம் மூடிவிடும்.

நண்பருக்கு முதல் முயற்சி கைகூடவில்லை. விலை குறைவுதான், ஆனால் கேட்ட மாதிரிப் பிரதியை இணைக்க மறந்துவிட்டார். மூன்றாவது முயற்சியில் ஒரு பள்ளியின் ஆண்டு மலர் கிடைத்தது. பெரிய தொகையில்லை.

மூன்று ஊழியர்களும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள்.