மாசத்தில் ஒருக்கா

பதினைந்து வருடமாக இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தலில் கேட்டிருக்கிறேன், செத்த வீட்டு விறாந்தையில் கேட்டிருக்கிறேன், வெருகல் முருகன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலடியில் கேட்டிருக்கிறேன். "மாசத்துல ஒருக்கா, இருநூறு ரூவாக்கு ஒரு குதிர. இதுல என்ன குடி முழுகிப்போச்சு?" சொல்கிறவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். ஈச்சிலம்பற்றுப் புழுதியிலும் வேட்டி கசங்காமல் நடக்கத் தெரிந்த ஒரு சிலரில் ஒருவர்.

விறாந்தையில் சொல்லும்வரை பொறுத்துக்கொண்டேன். போன மாதம் விளையாட்டுக் கழகப் பரிசளிப்பில், வெயிலில் ஓடிக் களைத்த பிள்ளைகள் முன்வரிசையில் சோடா குடித்துக்கொண்டிருக்க, மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்து அதையே ஒரு பேருரையாக விரித்தார். குதிரை ஓட்டமும் விளையாட்டுத்தானாம். பெரிய மனிசர் வளர்த்த கலையாம். மூளைக்கு வேலையாம். அரசாங்கத்துக்கு வருமானமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதாவது கட்டுகிறவனுக்கு அது வெறும் பொழுதுபோக்காம். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அவருடைய மச்சான்.

வருமானத்தை முதலில் முடித்துவிடலாம். 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட வரிச் சட்டத்தால் திறைசேரிக்குப் பணம் வருகிறது, உண்மை. சாராயத்தாலும் வருகிறது. அதற்காகப் பரிசளிப்பு மேடையில் யாரும் போத்தலைத் தூக்கிக் காட்டவில்லை.

பெரிய மனிசர் கதைக்கு வருவோம். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலம், கவர்னர் கிண்ணம், தொப்பி போட்ட பெண்கள் என்று அவர் வருணித்தபோது, ஆள் நேரே அங்கிருந்து குதிரையில்தான் வந்து இறங்கினாரோ என்று தோன்றியது. அவர் சொல்லாமல் விட்ட வரலாறு இது. காலிமுகத்திடலில் ஓடிய குதிரைகள் 1893இல் கொழும்பு ரீட் அவெனியு மைதானத்துக்குப் போயின. இரண்டாம் உலகப்போரில் அந்த மைதானம் விமானத் தளமானது. 1956இல் பண்டாரநாயக்கா ஆட்சி வந்த கையோடு கொழும்பில் ஓட்டம் நின்றது. இன்று அந்தப் பார்வையாளர் கூடத்தில் கடைகள் நடக்கின்றன. குதிரை போய்விட்டது, புக்கி என்கிற பந்தயக் கடை போகவில்லை. பெரிய மனிசர் கலை என்று ஒன்று இருந்திருந்தால் அது குதிரையோடு போயிருக்க வேண்டும். மிஞ்சி நின்றது எந்தக் கலை என்று அவரே சொல்லட்டும். அக்கரைப் பெரிய மனிசரும் குறைந்தவர்கள் இல்லை. சென்னைக் கிண்டியில் குதிரை ஓடிய 160 ஏக்கர் அரசு நிலத்தை 1940களில் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தவர்கள், வருடத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகைக்கு அதை வைத்திருந்தார்கள். 2024 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்துச் செய்து வாயிலுக்கு முத்திரை வைத்தது. சென்னையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், அந்த 614 ரூபாயில் எவ்வளவு பெருந்தன்மை இருக்கிறது என்று.

மூளை வேலை என்ற வாதத்துக்கு அவர் கையில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. கருணாநிதி அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுபட்டு, 1996 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரை ஓட்டம் திறமையில் தங்கிய விளையாட்டு, சூது அல்ல என்று தீர்ப்பளித்தது. மேடையில் இதைச் சொல்லும்போது, அந்த அமர்வில் தானும் ஓர் ஓரமாக இருந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். சரி. குதிரைக்குத் திறமை இருக்கிறது, மேலே இருக்கிறவனுக்கும் இருக்கிறது. பந்தயத் துண்டு எழுதுகிறவனுடைய திறமைக்கு என்ன கூலி என்பதுதான் என் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. ஆறு குதிரைகள் ஓடுகின்றன, எல்லாம் ஒரே தரம். புக்கியில் ஒவ்வொன்றுக்கும் விலை ஒன்றுக்கு நாலு. நீங்கள் ஆறிலும் நூறு நூறாகக் கட்டினால் செலவு 600. ஏதோ ஒன்று வென்றே தீரும். 400 லாபமும் உங்கள் 100உம் சேர்த்து 500 கையில் வரும். எந்தக் குதிரை வென்றாலும் நூறு ரூபாய் மேசைக்கு அந்தப் பக்கம் தங்கிவிடுகிறது. உண்மையான ஓட்டத்தில் விலைகள் மேலும் கீழுமாக இருக்கும், கூட்டிப் பார்த்தால் சங்கதி இதுதான். எல்லாரும் நம்பும் ஃபேவரிட் குதிரைகூட ஏறத்தாழ மூன்று ஓட்டத்துக்கு ஒன்றில்தான் வெல்கிறது. மூளையால் இந்த நூறு ரூபாயை மீட்கக்கூடிய ஆள் கோடியில் ஒருவன் இருக்கலாம். அவன் ஈச்சிலம்பற்றில் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருக்க மாட்டான்.

இனி அந்த "எப்போதாவது".

இங்குதான் எனக்குக் கோபம் வருவது. எத்தனை தரம் கட்டுகிறான் என்பது கட்டுகிறவனின் குணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நல்லவன் மாசத்தில் ஒருக்கா, கெட்டவன் நாளுக்கு நாலு தரம். ஊர்க் கூட்டங்களில் பந்தயத்தைத் திட்டுகிறவர்களும் இதையேதான் மறுபக்கம் திருப்பிச் சொல்கிறார்கள்: மனத்தை அடக்கு, அளவோடு இரு. எங்கள் பகுதியில் இது எப்படி நடந்தது என்பதைக் கண்ணால் கண்டவன் நான், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு நகரம் என்றால் திருகோணமலை. முன்பு அங்கே போவது லேசுப்பட்ட காரியமில்லை. பாதைக்குக் காத்திருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் மிதவைக்குப் பெயர்தான் பாதை. ஓரிடத்தில் ஏறி இறங்கி, அடுத்த ஆற்றங்கரையில் மறுபடி நின்று, கடைசியாகக் கிண்ணியாவில் காத்து நின்று போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் மூதூருக்குப் போய் லோஞ்ச் பிடிக்க வேண்டும். காணி அலுவல், ஆசுபத்திரி, சம்பளம் என்று ஏதாவது தலைபோகிற வேலை இருந்தால்தான் ஒருவன் புறப்படுவான். போன இடத்தில் நேரம் மிஞ்சினால் புக்கிக்குள் எட்டிப்பார்த்து ஒரு குதிரை எழுதுவான். அது மாசத்தில் ஒருக்காதான் வந்தது. நம்மவருடைய வசனம் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, அதைத் தொடர்ந்து மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்தது. காலையில் போய் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பலாம் என்றானது. பாலம் திறந்த கையோடு, மாசத்தில் ஒருக்காவாக இருந்த மனிதர்கள் கிழமைக்கு இரண்டு தரமானார்கள். அவர்களுடைய புத்தி கெட்டுப்போகவில்லை. அந்தக் கட்டுப்பாடு முதலிலேயே அவர்களுடையதாக இருக்கவில்லை. பாதைக்காரனுடையதாக இருந்தது, அவன் அறியாமலே.

இப்போது கடைக்குள் போய்ப் பாருங்கள். நகரத்துப் புக்கியில் ஓடுவது பெரும்பாலும் பிரித்தானியக் குதிரை. அங்கே 59 பந்தய மைதானங்கள், வருடத்தில் 1,400க்கு மேற்பட்ட பந்தயக் கூட்டங்கள். கிறிஸ்து பிறந்த நாளில் ஓய்வு, மற்றபடி ஏறக்குறைய நாளும் ஏதோ ஓரிடத்தில் ஓடும். ஒரு கூட்டத்தில் ஆறு ஏழு ஓட்டம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரை மணி. ஒரே நாளில் மூன்று மைதானத்தில் நடந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. அங்கே கோடையில் பகல் ஒன்றரை என்றால் இங்கே மாலை ஆறு. மாரியில் பன்னிரண்டரைக்கே அதே ஆறு. நம்முடைய மனிதன் கொத்து வேலை முடிந்து, கை கழுவி, கூலியை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிற அதே நேரத்தில் அங்கே முதலாவது குதிரை புறப்படுகிறது. யாரும் சதி செய்யவில்லை, பூமி அப்படிச் சுற்றுகிறது. ஆனால் அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, கதிரையை இழுத்து வைக்கிறவனுக்குப் பூமி எப்படிச் சுற்றுகிறது என்று நன்றாகவே தெரியும்.

எத்தனை தரம் என்பதைக் கடைதான் தீர்மானிக்கிறது என்பது எனது சொந்தக் கண்டுபிடிப்பு என்று நான் மார்தட்டவில்லை. வெள்ளைக்காரன் எனக்கு முந்தியே கண்டுபிடித்துவிட்டான். இங்கிலாந்தில் 1961 மே மாதம் பந்தயக் கடைகளுக்குச் சட்டம் கதவைத் திறந்துவிட்டபோது, உள்ளே ஆள் தங்கக் கூடாது என்பதற்காகவே கடையை அழுதுவடிய வைத்தார்கள். தொலைக்காட்சி கூடாது, தேத்தண்ணி கூடாது, வெளியிலிருந்து உள்ளே தெரியக் கூடாது. வந்தாயா, எழுதினாயா, போ. ஒருவனை உட்கார வைத்தால் ஒன்றுக்கு மூன்றாக எழுதுவான் என்று சட்டம் எழுதியவனுக்கு விளங்கியிருக்கிறது. இருபத்தைந்து வருடம் அப்படியே வைத்திருந்து, 1986இல்தான் தொலைக்காட்சியையும் குடிக்க ஏதாவதையும் உள்ளே விட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்துக்கும் இந்த விஷயம் தெரியும். அதனால்தான் நேரடி ஒளிபரப்புக் காட்டும் புக்கிக்கு ஒரு வரி, காட்டாத புக்கிக்கு அதைவிடக் குறைந்த வரி என்று பிரித்து வைத்திருக்கிறது. அவன் திரையைத் தடுத்தான், நாம் திரைக்கு விலை போட்டோம்.

கிண்டியிலும் முத்திரை விழும்வரை அதே கதைதான். சென்னையில் குதிரை ஓடாத நாளில் பெங்களூர் ஓட்டத்துக்கும் மும்பாய் ஓட்டத்துக்கும் அங்கிருந்தே கட்டக்கூடியதாக இருந்தது. ஓய்வு நாள் என்று ஒன்று காலண்டரில் இருந்தால்தானே "எப்போதாவது" என்ற சொல்லுக்கு அர்த்தம்?

பரிசளிப்பு முடிந்து நான் இதைச் சொன்னபோது அந்த மச்சான்காரர் ஒரு கேள்வி போட்டார்: "அப்ப எல்லாருமே நாளாந்தம் கட்டுறானா? பெரும்பாலானவன் எப்பயாவதுதானே?" தலையை எண்ணினால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். துண்டை எண்ணினால்? மாசத்தில் ஒருக்கா வருகிற இருபது பேர் இருபது துண்டு எழுதுவார்கள். நாளுக்கு மூன்று எழுதுகிற ஒருவன் மாசத்தில் தொண்ணூறு. கடையின் வாடகையைக் கொடுப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இருபது பேரும் கண்ணாடி அலுமாரியில் வைத்த கப்பும் சோசரும் மாதிரி, வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு. மச்சான்காரர் வெற்றிலை போடப் போய்விட்டார்.

ஏன் கட்டுகிறான் என்று கேட்டால் பேராசை என்று ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மேசன் இருக்கிறார். நகரத்தில் வேலை கிடைக்கிற நாளெல்லாம் கட்டுவார். பணக்காரனாகும் எண்ணம் அவரிடம் மருந்துக்கும் இல்லை. "அண்ணே, நாள் முழுக்கக் கல்லோடதான் பேச்சு. அங்க போனா நாலு பேர் ஒண்டாக் கத்துறம். நம்மட குதிர முன்னுக்கு வந்தா கூலிக்காரன் எண்டது மறந்துபோகுது, ஒரு நிமிசத்துக்கு" என்றார் ஒருமுறை. அதற்கு நான் என்ன சொல்ல? வாடைக் காற்றில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் மீன்பிடிக்காரனும், மாரிப்போக அறுவடைக் காசு கையில் புரளும்போது வயற்காரனும் இதே வாசலுக்குத்தான் வருகிறார்கள். ஒருவனிடம் நேரம் மிஞ்சிக் கிடக்கிறது, மற்றவனிடம் காசு. இருவரும் போய்க் குந்துவதற்கு விசிறியும் வெளிச்சமும் சத்தமும் உள்ள வேறு ஓர் இடத்தை நாம் வைத்திருக்கிறோமா? எங்கள் வாசிகசாலை மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. அதைச் சொல்ல எந்தப் பேச்சாளருக்கும் ஒலிவாங்கி கிடைக்கவில்லை.

அந்த மேசன் தன் துண்டுகளை எறிவதில்லை. பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைப்பார், ஏதோ ராசி என்று. ஒருநாள் நானும் அவரும் திண்ணையில் டின்னைக் கவிழ்த்து ஒரு மாசத்துத் துண்டுகளை எண்ணினோம். எண்ணுவதற்கு முந்தி, எத்தனை இருக்கும் என்று கேட்டேன். "பத்துப் பன்ரெண்டு இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். நாற்பத்தேழு இருந்தது. மனிதர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

மேடைப் பேச்சாளருக்கும் ஒரு டின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மஞ்சள் நிறம், மூடி இறுக்கமானது. அடுத்த வருடப் பரிசளிப்புக்கு அதைக் கொண்டு வரட்டும். பிள்ளைகளே எண்ணுவார்கள். ஒரு மாசத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பன்னிரண்டு துண்டு மட்டும் இருந்தால், மாலை என் செலவு.