ஊசி நூலால் ஒரு கப்பல்

"உயர்தரம் படிக்கிற பொம்பிளைப் பிள்ளைக்குக் கப்பல் விளையாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மரத்தில் மாதிரிக் கப்பல் செய்வது விளையாட்டன்று. அதுவும் படிப்புத்தான் என்பது என் கருத்து.

நான் செய்வது 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' கப்பலின் மாதிரி. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலைப் பின்பற்றி, ஓமானில் ஆணியே இல்லாமல், தென்னந்தும்புக் கயிற்றால் பலகைகளைத் தைத்து அதைக் கட்டினார்கள். 2010இல் சிங்கப்பூர் செல்லும் வழியில் அது நமது காலித் துறைமுகத்திலும் தரித்து நின்றது. 18 மீற்றர் நீளமான அக்கப்பல், 1:50 அளவிடையில் 36 சென்ரிமீற்றராகி என் மேசையில் அடங்கிவிடுகிறது.

பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் இருபுறமும் இழுவை ஒத்திராவிட்டால் மரம் சாயும். விசைச் சமநிலையைப் பௌதிகவியல் புத்தகத்தில் படித்தேன். விரல்களுக்கு அது விளங்கியது இங்கேதான்.

எங்கள் தையலை மெச்சுகிறவர்கள், அதே ஊசி கப்பல் பலகையைத் தைக்கும்போது ஏன் முகம் சுளிக்க வேண்டும்? உம்மாமாரே, வாப்பாமாரே, கைத்தொலைபேசியில் கரைந்துபோகும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம். பாடங்களுக்குரிய நேரம் அப்படியே இருக்கும்.