வில்லும் கூலியும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை, கடுகண்ணாவைக் கணவாயில் வளைந்து ஏறிய பின்னரே பிலிமத்தலாவையை அடைகிறது. இச்சாலையை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. ஏற்றத்தில் பின்சில்லுகளும் இறக்கத்தில் முன்சில்லுகளும் மிகுபாரம் சுமக்கின்றன. அப்பாரத்தைத் தாங்குவது வில். 'ஸ்பிரிங்' என்றால் எவருக்கும் விளங்கும்.

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்தில் பல குடும்பங்கள் பழைய வண்டியையே பேணி வந்தன. வண்டி முதுமையடைய வில்லும் தளரும். 'நாமே மாற்றினால் கூலி மிச்சமாகுமே' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது தகுமா என்று ஆராய்வோம்.

கார்களில் பெரும்பாலும் காணப்படும் வில் இருவகைப்படும். மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் பின்புறத்தில் இருப்பது பட்டைவில். வண்டியுடலை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி அச்சைத் தாழவிட்டால், அதன் அழுத்தம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகாதிருப்பாராயின், பழக்கமுள்ளவர் இவ்வேலையை வீட்டிலும் செய்யலாம்.

சுருள்வில்லின் கதை வேறு. இக்காலச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் முன்புறச் சுருள்வில், அதிர்வுதாங்கியின் மேல் அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். வண்டியைத் தூக்கினாலும் அந்த அழுத்தம் முற்றும் தீராது. விசைக்கேற்பவே வில் அசையும் என்ற விதியை றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓர் அங்குலம் அமுங்க 100 இறாத்தல் பாரம் வேண்டும் வில்லொன்றை 6 அங்குலம் அமுக்கினால், அது 600 இறாத்தல் விசையுடன் திமிறி நிற்கும். அதனுள் அடங்கிய சக்தி, 25 இறாத்தல் கல்லொன்று 6 அடி உயரத்திலிருந்து விழும் சக்திக்கு ஒப்பாகும். கொக்கித் திருகு சற்றே வழுக்கினால், அச்சக்தி முழுவதும் எதிரே குனிந்திருப்பவரின் முகத்தையோ கையையோ தாக்கும். தக்க கராஜில் இதற்கென நிலையாகப் பொருத்தப்பட்ட அமுக்குபொறி உண்டு. நாம் கொடுக்கும் கூலியில் அதற்கும் பங்குண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியுமுண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருப்பின் வில் ஐயத்துக்குரியது. புதிய வில்களைச் சோடியாகவே வாங்குங்கள். திறமையுள்ளவர் அதிர்வுதாங்கியை வில்லோடு முழுமையாகக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டு செல்லலாம்; கூலியில் ஒரு பகுதி மிஞ்சும். ஆனால் அதன் உச்சியிலுள்ள நடு நட்டை மட்டும் வீட்டில் தளர்த்தலாகாது. வில்லை அடக்கி வைத்திருப்பது அதுவே. மீண்டும் பூட்டியபின் சில்லுகளின் நேர்மையைச் சோதிப்பித்தலும் அவசியம்.

பித்தளை வேலைக்குப் பெயர்பெற்றது பிலிமத்தலாவை. அங்கு குத்துவிளக்கு வாங்குவோர் பித்தளையின் நிறைக்கு மட்டுமன்றிக் கைத்திறனுக்கும் விலை கொடுக்கின்றனர். எண்ணெய் படிந்த கைகளின் திறனுக்கும் அவ்வாறே கொடுப்பது வீண்செலவாகாது. கழற்றுவதில் சிக்கனம் பிடிக்கலாம்; வில்லை அமுக்குவதில் வேண்டாம் என்பதே நம் முடிபு.