கோடாரி சுலபமா இறங்குதா? நீங்களும் இறங்கிடுங்க!

உறைந்த அருவியில் ஏறுற ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. இரண்டு கையிலும் ஐஸ் கோடாரி, பூட்ஸுக்கு அடியில் இரும்பு முனைகள். அமெரிக்காவின் கொலராடோவில் யூரே என்ற சின்ன ஊர். அங்கே மலையிடுக்கின் விளிம்பில் குழாய் போட்டு, தண்ணீரைத் தெளித்து, ஏறுவதற்கென்றே பனிச்சுவர்களை வளர்க்கிறார்கள். மார்ச் வாக்கில் வெயில் ஏறினால் சீசன் முடிந்தது. "கடைசியா ஒரு தடவை ஏறிடலாமே"ங்கிற ஆசை வருவதும் அப்போதுதான். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஏன்னு கேளுங்க. கடுங்குளிரில் பனிக்கட்டி கண்ணாடி மாதிரி. கோடாரியை அடித்தால் தட்டுத் தட்டாகச் சிதறும். வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கினால் பனி இளகிவிடும், ஒரே அடியில் கோடாரி சொருகிக்கும். ஏறுறவருக்கு "இன்னிக்கு நான் செம ஃபார்ம்"னு தோணும். ஆனால் அதே நேரத்தில் உருகிய தண்ணீர் பனிக்கும் பாறைக்கும் நடுவில் ஓடி, பிடிப்பை அறுத்துக்கிட்டு இருக்கும். ஏறுவது சுலபமாகிற நாளில்தான் ஆபத்தும் அதிகம்.

"ஐஸ் ஸ்க்ரூ இருக்கே?" என்பீங்க. ஐரோப்பியத் தரப்படி அது குறைந்தது 10 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1 டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்கணும். அது ஸ்க்ரூவோட பலம். அதைப் பிடிச்சிருக்கிற பனியோட பலத்தை யாரும் அச்சடிச்சுத் தர்றதில்லை. வெயிலில் சூடாகும் உலோகம் தன்னைச் சுற்றியுள்ள பனியையே உருக்கிடும். மெட்டீரியல்ஸ் வகுப்பில் தூங்காதவங்களுக்கு இது புரியும்.

அனுபவசாலிகள் சீசன் கடைசியிலும் ஏறுறாங்களே? ஏறுறாங்க. இரவு நன்றாக உறைந்திருந்தால், விடியலிலேயே தொடங்கி, வெயில் படுவதற்குள் இறங்கிடுவாங்க. உள்ளே தண்ணீர் ஓடுற சத்தம் கேட்டால் பையைத் தூக்கிட்டுத் திரும்பிடுவாங்க.

இன்னொண்ணு. "என் உயிர், என் ரிஸ்க்"னு சொல்ல முடியாது. கீழே கயிற்றைப் பிடிச்சிட்டு நிக்கிறது உங்க நண்பன். பெயர்ந்து விழும் பனி முதலில் அவன் தலையைத்தான் தேடும்.

நம்மில் சிலர் நாளைக்கு ஸ்பிட்டி பக்கம் போய் இதைக் கற்றுக்கொள்ளலாம். போங்க, ஆனா "எப்போ திரும்பணும்"ங்கிற முடிவை முந்தின ராத்திரியே, கை சூடா இருக்கும்போதே இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துடுங்க. பாதிச் சுவரில் தொங்கும்போது ஆசைதான் பேசும். திரும்பி வந்தவனைக் கிண்டல் பண்ணாத நண்பர்களோட மட்டும் ஏறுங்க.